கோர் ஒதுக்கினால் கேம் வேகமாகுமா?



கடைசி பெஞ்ச் நண்பன் ஒருவன் சென்ற மாதம் என் காதில் ஒரு ரகசியம் சொன்னான். "கேம் ஆடும்போது டாஸ்க் மேனேஜருக்குப் போயி, கேமை ஒரே கோர்ல கட்டி வெச்சிருடா. அப்புறம் பாரு, பட்டையக் கிளப்பும்!" என்றான். எனக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் பாடமே மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்குப் போய் அதைச் செய்து பார்த்தேன். அதனால் என்ன நடந்தது, ஏன் நடந்தது, அவன் சொன்னதில் எவ்வளவு உண்மை என்பதைத்தான் இந்தத் தாளில் எழுதுகிறேன். நம் பள்ளியில் லேப்டாப் வைத்திருக்கும் பாதிப்பேர் இதே வேலையைச் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் எங்கள் வீட்டு லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு இலவசமாக லேப்டாப் கொடுக்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அதில் என் அக்காவுக்கு 2019-ல் கிடைத்தது இது. உள்ளே விண்டோஸ் ஒரு பக்கம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம் என்று இரண்டு இயக்க அமைப்புகள். அக்கா அதை வைத்தே கல்லூரியை முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இப்போது அது அப்பாவின் கணக்குப் பிள்ளை. பள்ளிபாளையம் பக்கம் எங்களுக்கு எட்டு விசைத்தறி இருக்கிறது, கூலிக்கு நெய்கிறோம். யார் எத்தனை மீட்டர் ஓட்டினார்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்பதெல்லாம் அதில்தான். சனிக்கிழமை கூலி போடும்போது அப்பா அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பணத்தை எண்ணுவார். மிச்ச நேரத்தில் அது என்னுடைய ரேஸ் மைதானம். 2005-ல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட்' அதில் ஓடும். ஓடும் என்றால், ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்! திருப்பத்தில் கார் சறுக்கும்போது படம் அரை நொடி நின்றுவிட்டுச் சுவரில் மோதிய பிறகுதான் மறுபடி அசையும். கோபம் வருமா வராதா?

சரி, கோர் என்றால் என்ன? பிராசஸருக்குள் உட்கார்ந்து உண்மையிலேயே கணக்குப் போடும் ஆள்தான் கோர். முன்பெல்லாம் ஒரு பிராசஸருக்குள் ஒரே ஆள். 2005-ல் இன்டெல்லின் பென்டியம் டி, ஏ.எம்.டி.யின் அத்லான் 64 எக்ஸ் 2 இரண்டும் வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இரண்டு ஆள் ஆனார்கள். 2008-ல் வந்த ஆறு கோர் இன்டெல் ஜியான் பிராசஸரை வடிவமைத்தவர்கள் பெங்களூரில் இருந்த பொறியாளர்கள். நமக்குப் பக்கத்து ஊர்தான்! இன்று பதினாறு கோர் எல்லாம் சாதாரணமாகக் கடையில் கிடைக்கிறது. எங்கள் லேப்டாப்பில் இரண்டே இரண்டு.

கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வேலைகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வேலைச் சரத்துக்கும் 'திரெட்' என்று பெயர். தமிழில் இழை என்கிறார்கள். பெயர் வைத்தவர் எங்கள் ஊருக்கு வந்து போயிருப்பார் போலிருக்கிறது! இத்தனை இழைகளை இரண்டு கோருக்கும் பிரித்துக் கொடுப்பது யார்? விண்டோஸுக்குள் இருக்கும் 'ஷெட்யூலர்'. எங்கள் பட்டறை மொழியில் சொன்னால் மேஸ்திரி. அவர் ஒரு நொடிக்குள் எத்தனையோ முறை "நீ இதைப் பாரு, அதை அவன் பாக்கட்டும்" என்று மாற்றிக்கொண்டே இருப்பார். கேமின் இழை இப்போது முதல் கோரில் ஓடும், கண் மூடித் திறப்பதற்குள் இரண்டாவது கோருக்குப் போய்விடும்.

இங்கேதான் என் நண்பன் சொன்ன விஷயம் வருகிறது. மேஸ்திரியிடம் நாம் போய், "இந்த கேமை முதல் கோருக்கு மட்டும்தான் கொடுக்கணும், வேற ஆளுக்கு மாத்தக் கூடாது" என்று உத்தரவு போடலாம். அந்த உத்தரவுக்குப் பெயர் 'அஃபினிட்டி'.

இப்படிக் கட்டி வைப்பதால் என்ன லாபம்? லாபம் உண்டு, அதை மறுக்க முடியாது. தறி ஓட்டுபவரைப் பார்த்திருக்கிறீர்களா? தனக்குத் தேவையான தார்களைக் கைக்கெட்டும் இடத்தில் பெட்டியில் வைத்திருப்பார். ஊடு நூல் தீர்ந்ததும் குனியாமலே எடுத்து மாட்டிவிடுவார். பாவில் எந்த இடத்தில் இழை அடிக்கடி அறும் என்பதும் அவருக்குத் தெரியும். அவரைத் திடீரென்று எழுப்பி, "அந்தத் தறிக்குப் போ" என்றால் என்ன ஆகும்? அங்கே தார் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், பாவின் குணம் புரிய வேண்டும். அதுவரைக்கும் மீட்டர் ஏறாது. பிராசஸரிலும் இதே கதைதான். ஒவ்வொரு கோருக்கும் பக்கத்திலேயே 'கேஷ்' என்று ஒரு சின்ன நினைவகம் உண்டு. அதுதான் தார்ப்பெட்டி. ரேம் என்பது தூரத்தில் இருக்கும் நூல் குடோன். ஓடுகிற வேலையின் தகவல்கள் அந்தக் கோரின் கேஷில் சூடாக இருக்கும். வேலையை வேறு கோருக்கு மாற்றினால் புதுக் கோரின் பெட்டி காலி. மறுபடி குடோனுக்கு நடக்க வேண்டும்.

ஆனால் மேஸ்திரி ஒன்றும் முட்டாள் இல்லை. இந்தத் தார்ப்பெட்டி விஷயம் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். முடிந்தவரைக்கும் ஒரு இழையை அது கடைசியாக ஓடிய கோருக்கே திருப்பிக் கொடுக்கத்தான் பார்ப்பார். அந்தக் கோர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டால் மட்டும் பக்கத்து ஆளிடம் கொடுப்பார். நாம் கட்டி வைத்துவிட்டால் அந்த வசதி போய்விடுகிறது. முதல் கோர் ஆன்டிவைரஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும், இரண்டாவது கோர் சும்மா கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும், கேம் மட்டும் முதல் கோரின் வாசலில் வரிசையில் நிற்கும். உத்தரவு அப்படி!

இது தெரியாமல்தான் நான் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி வேலையைத் தொடங்கினேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'டீடெயில்ஸ்' பக்கம் போய், கேமின் பெயர் மேல் வலது கிளிக் செய்தால் 'செட் அஃபினிட்டி' இருக்கும். சிபியு 0, சிபியு 1 என்று இரண்டு கட்டம். (எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும், குழம்ப வேண்டாம்.) ஒன்றில் மட்டும் டிக் வைத்தேன். ஆடிப் பார்த்தேன். ஒரு மண்ணும் மாறவில்லை. அதே சறுக்கல், அதே சுவர்.

அதோடு விட்டிருக்கலாம். அதே மெனுவில் 'செட் பிரையாரிட்டி' என்று இன்னொன்று கண்ணில் பட்டது. அதன் உச்சியில் 'ரியல்டைம்'. பெயரே ஜோராக இருக்கிறதே என்று கேமுக்கு அதை வைத்தேன். நண்பனுக்குக் காட்டலாம் என்று திரையை வீடியோ எடுக்கும் மென்பொருளையும் ஓடவிட்டு, அதற்கும் ரியல்டைம் வைத்தேன். "உண்மையிலேயே மாற்றவா?" என்று விண்டோஸ் எச்சரித்தது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? அஃபினிட்டியைப் பழையபடி இரண்டு கோருக்கும் திருப்பிவிட்டு ரேஸைத் தொடங்கினேன். மூன்றாவது திருப்பத்தில் எல்லாம் நின்றது. படம் இல்லை, மவுஸ் அசையவில்லை, விசை அழுத்தினால் கேட்க ஆள் இல்லை. பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

ஏன் நின்றது என்று பிறகு தெரிந்துகொண்டேன். விண்டோஸில் முன்னுரிமைக்கு 0 முதல் 31 வரை படிகள் இருக்கின்றன. சாதாரண மென்பொருளுக்கு 8-ஐ ஒட்டிய படி. 16-க்கு மேலே போனால் ரியல்டைம் பகுதி. மவுஸ், விசைப்பலகை, வட்டு இவற்றைக் கவனிக்கும் விண்டோஸின் சொந்த வேலையாட்களே அதைவிடக் கீழ்ப்படியில் நிற்க நேரிடும். கேமும் வீடியோப் பதிவும் ஆளுக்கொரு கோரைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. என் விசை அழுத்தலைப் போய்ச் சொல்ல ஒரு ஆளுக்கும் நேரம் கிடைக்கவில்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுபவர்களையும் உட்கார்த்தி வைத்துச் சாப்பாடு போடச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. அஃபினிட்டி என்பது எங்கே ஓடுவது என்று சொல்வது; பிரையாரிட்டி என்பது யார் முதலில் ஓடுவது என்று சொல்வது. இரண்டும் ஒரே மெனுவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் என்னைப் போலக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெற்றது. ஆனால் அப்பாவின் கணக்குத் தாள் பின்னால் திறந்தபடியே இருந்ததை நான் கவனிக்கவில்லை. திறந்து பார்த்தால் செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான் இருக்கிறது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் மீட்டர்க் கணக்கு காணோம்! அப்பா மடியை மூடி வைப்பாரே தவிர 'சேவ்' கொடுக்க மாட்டார். அதற்காகத் தானாகவே சேமிக்கும் வசதியை அக்கா போட்டு வைத்திருந்தாள். அதை யாரோ அணைத்திருந்தார்கள். அந்த யாரோ நான்தான். அதற்கு முந்தின வாரம், எதையெல்லாம் நிறுத்தினால் கேம் வேகமாகும் என்று தேடித் தேடி அணைத்தபோது அதுவும் போயிருக்கிறது.

விடிந்தால் கூலி. மூன்று பேருக்குப் பணம் எண்ணிக் கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டு அரிசி, பால், சீட்டுப் பணம் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கிறது. அப்பா கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காப்பாற்றியது எங்கள் பட்டறையில் தறி ஓட்டும் அத்தை ஒருவர். இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டை எடுத்து, "எங்க நாலு தறியும் இதுல எழுதி வெச்சிருக்கறனுங்க" என்றார். மீதி நான்கு தறிக்கு மடித்து வைத்த துணியை அப்பாவும் நானும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் பிரித்து அளந்தோம். மடிக்கும்போது அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "அப்படி என்னதான்டா பண்ணுன?" நான் கோர், அஃபினிட்டி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தறியில உக்காந்தவன எந்திரிக்க வெச்சாலும் மீட்டர் கொறையும், எந்திரிக்கவே உடாம கட்டிப் போட்டாலும் கொறையும். இது தெரியறதுக்கு கம்ப்யூட்டரு படிக்கோணுமா?" என்றார்.

அப்பா சொன்னது சரியா என்று பார்க்க வேண்டும் என்று எனக்கு வீம்பு. அக்காவின் அனுமதியோடு, கணக்குத் தாளை பென்டிரைவில் பத்திரமாக நகல் எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சோதனை செய்தேன். அதற்கு முன் கொஞ்சம் கணக்கு.

கேம் என்பது ஒரு நொடிக்கு இத்தனை படம் என்று வரைந்துகொண்டே இருப்பது. நொடிக்கு 60 படம் வேண்டும் என்றால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஆயிரத்தை அறுபதால் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 16.7 மில்லி நொடி. நொடிக்கு 30 படம் போதும் என்றால் 33 மில்லி நொடி. திணறல் என்று நாம் சொல்வது சராசரி குறைவதை மட்டும் அல்ல. ஐம்பது படம் நேரத்துக்கு வந்து, ஐம்பத்தோராவது படம் மட்டும் 200 மில்லி நொடி எடுத்துக்கொண்டால் கண்ணுக்கு அதுதான் தெரியும். அதனால் சராசரியை மட்டும் பார்த்து 'வேகமாகிவிட்டது' என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இன்னொன்று, கோர் இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்கு ஆகாது. ஜீன் ஆம்டால் என்பவர் 1967-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரு படத்துக்கு 30 மில்லி நொடி வேலை என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி, ஒரே ஆள் வரிசையாகத்தான் செய்தாக வேண்டும். மீதிப் பாதியைப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு கோர் இருந்தால் 15 கூட்டல் 7.5, ஆக 22.5 மில்லி நொடி. நான்கு கோர் இருந்தால் 18.75. கோடிக் கோர் வாங்கிப் போட்டாலும் அந்த 15-க்குக் கீழே இறங்காது. பாவு பூட்டி முடிக்காமல் எத்தனை ஆள் நின்றாலும் துணி வராது அல்லவா? பழைய கேம்களில் இந்தப் பிரிக்க முடியாத பகுதி மிகப் பெரியது. அதனால்தான் என் ரேஸை ஒரே கோரில் கட்டியபோது பெரிய நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. இன்றைய பெரிய கேம்கள் வேலையைப் பல இழைகளாகப் பிரித்து எழுதப்படுகின்றன. அவற்றை ஒரே கோரில் கட்டினால் கழுத்தில் கயிறு போட்ட மாதிரிதான்.

சோதனைக்கு வருகிறேன். ஒரே பாதை, ஒரே கார், ஒவ்வொரு முறைக்கும் மூன்று ரேஸ். திரை மூலையில் படக்கணக்கு காட்டும் மென்பொருள், பக்கத்தில் அக்கா நோட்டும் பேனாவுமாக. பிரவுசரும் மற்றவையும் மூடியிருந்தபோது, கட்டினாலும் கட்டாவிட்டாலும் நொடிக்கு ஒன்றிரண்டு படம்தான் வித்தியாசம். அதுவும் ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும். ஆன்டிவைரஸை வேண்டுமென்றே ஓடவிட்டு கேமை ஒரே கோரில் கட்டியபோது நிலைமை படுமோசம். அடுத்து தலைகீழாகச் செய்து பார்த்தோம். கேமை இரண்டு கோருக்கும் அவிழ்த்துவிட்டு, பிரவுசரை மட்டும் சிபியு 1-ல் கட்டினோம். இதில் திணறல் கொஞ்சம் குறைந்தது, அக்காவே ஒத்துக்கொண்டாள். கட்ட வேண்டியது கேமை அல்ல, கேமுக்குத் தொந்தரவு கொடுப்பவரை! ஆனால் பிரவுசரை மூடியே விட்டால் அதைவிட நன்றாக ஓடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் கேமைக் கட்டுவதால் எங்கேயுமே லாபம் இல்லையா? இருக்கிறது. அந்தக் கதைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை.

முதல் கதை பழைய கேம்களுடையது. ஒரே கோர் இருந்த காலத்தில் எழுதிய பல கேம்கள், நேரம் பார்ப்பதற்குப் பிராசஸருக்குள் ஓடும் ஒரு துடிப்பு எண்ணியைப் படித்தன. இரண்டு கோர் வந்ததும் எண்ணியும் இரண்டாயிற்று. 2005-ஐ ஒட்டி வந்த சில பிராசஸர்களில் இந்த இரண்டும் ஒத்துப் போகவில்லை. நம் வகுப்புக் கடிகாரமும் பக்கத்து வகுப்புக் கடிகாரமும் மாதிரி! கேமின் இழை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது நேரம் பின்னோக்கிப் போன மாதிரி ஆகும். கார் திடீரென்று பாயும், அல்லது உறைந்து நிற்கும். அப்போது கேமை ஒரே கோரில் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும். ஏ.எம்.டி. இதற்கென்றே 'டூயல் கோர் ஆப்டிமைசர்' என்று ஒரு மென்பொருளைக் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட், அந்த எண்ணியை நேரடியாகப் படிக்காதீர்கள் என்று கேம் எழுதுபவர்களுக்கு அறிவுரை சொன்னது. என் நண்பனுக்கு வந்த 'ரகசியம்' அநேகமாக இந்தக் காலத்துச் சரக்குதான். மருந்து உண்மை, நோய்தான் வேறு.

இரண்டாவது கதை புதியது. 2021 நவம்பரில் வந்த இன்டெல்லின் பன்னிரண்டாம் தலைமுறையில் கோர்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அதன் உயர்ந்த மாடலில் எட்டுப் பெரிய கோர், எட்டுச் சின்னக் கோர். பெரியவை வேகத்துக்கு, சின்னவை மின்சாரச் சிக்கனத்துக்கு. அது வந்த புதிதில் சில கேம்கள் ஓட மறுத்தன. ஏன் தெரியுமா? திருட்டு நகல் ஆடுகிறார்களா என்று பார்க்கும் காவல் மென்பொருள், இரண்டு வகைக் கோரைப் பார்த்ததும் "இது வேறு கம்ப்யூட்டர்" என்று முடிவு கட்டிவிட்டது! இன்டெல் பட்டியலே வெளியிட்டது. 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா' அதில் ஒன்று. சின்னக் கோர்களைத் தற்காலிகமாக ஓரம்கட்ட, பயாஸில் ஒரு வசதியை இயக்கிவிட்டு, விசைப்பலகையில் யாருமே தொடாமல் கிடக்கும் 'ஸ்க்ரோல் லாக்' விசையை அழுத்தச் சொன்னார்கள். அந்த விசைக்கும் ஒரு காலம் வந்தது.

2023-ல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 9 7950 எக்ஸ் 3 டி-யில் விவகாரம் வேறு மாதிரி. பதினாறு கோர், எட்டு எட்டாக இரண்டு கூட்டம். ஒரு கூட்டத்துக்கு 96 எம்பி தார்ப்பெட்டி, மற்றதற்கு 32 எம்பி. பல கேம்கள் பெரிய பெட்டிக் கூட்டத்தில் ஓடினால்தான் வேகம். ஓடுவது கேம்தான் என்பதை மென்பொருள் கண்டுபிடித்து அந்தப் பக்கம் அனுப்பும். அது ஏமாந்துபோனால், நாமே அஃபினிட்டி போட்டு அனுப்பலாம். இந்த மாதிரி இடத்தில் கட்டுவது உண்மையிலேயே பலன் தரும். அந்த விலைக்கு எங்கள் வீட்டில் இன்னொரு தறி போட்டுவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

இதில் நம் பாடப் புத்தகத்துக்கும் இடம் உண்டு. டிக் வைத்த அஃபினிட்டி கேமை மூடியதும் மறந்துபோகும். ஒவ்வொரு முறையும் டிக் வைக்கச் சோம்பலாக இருந்தால், கட்டளைத் திரையில் 'ஸ்டார்ட்' கட்டளையோடு 'அஃபினிட்டி' என்று சேர்த்து ஓர் எண் கொடுத்தால் போதும். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? பதினோராம் வகுப்பில் 'எண் முறைகள்' பாடம் எதற்கு என்று கேட்டோமே, இதற்குத்தான்! சிபியு 0-க்கு மதிப்பு 1, சிபியு 1-க்கு 2, சிபியு 2-க்கு 4, சிபியு 3-க்கு 8. கடைசி இரண்டு மட்டும் வேண்டும் என்றால் இருநிலை எண்ணில் 1100. பதின்ம எண்ணில் 12. பதினாறிலக்க முறையில் 'சி'. அந்த ஒற்றை எழுத்தைக் கொடுத்தால் முடிந்தது. பாஸ் லினக்ஸ் பக்கம் போனால் 'டாஸ்க்செட்' என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. டாஸ்க் மேனேஜரில் நான்கு கட்டம் தெரிந்தால் நான்கு கோர் இருப்பதாக அர்த்தம் இல்லை. ஒரே கோர் இரண்டு இழைகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் 'ஹைப்பர் த்ரெடிங்' என்ற முறையை இன்டெல் 2002-ல் வீட்டுப் பிராசஸருக்குக் கொண்டு வந்தது. ஒருவரே இரண்டு தறி பார்ப்பது போல. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் சிபியு 0, சிபியு 1 இரண்டையும் டிக் செய்தால், இரண்டு ஆள் கொடுத்ததாக நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில் கொடுத்தது ஒரே ஆளை. காவல் மென்பொருளோடு வரும் சில ஆன்லைன் கேம்கள் அஃபினிட்டியைத் தொடவே விடாது, அனுமதி இல்லை என்று சொல்லிவிடும். ஃபோனில் ஆடும் நண்பர்கள் கேட்பீர்கள் என்று தெரியும். ஃபோனிலும் பெரிய கோர், சின்னக் கோர் உண்டு. ஆனால் யாருக்கு எது என்பதை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளும், சாதாரணமாக நம் கைக்கு வராது. 'கேம் பூஸ்டர்' என்று வரும் ஆப்களில் பெரும்பாலானவை பின்னால் ஓடுவதை மூடிவிடும், அவ்வளவுதான். அதை நீங்களே விரலால் செய்யலாம்.

கடைசியாக, என் ரேஸ் என்ன ஆயிற்று? சோதனையின்போது அக்கா ஒன்றைக் கவனித்தாள். முதல் ரேஸ் எப்போதும் நன்றாக ஓடுகிறது, மூன்றாவது எப்போதும் திணறுகிறது, அஃபினிட்டி எதுவாக இருந்தாலும். லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தால் தோசைக்கல். பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால், கருகிப் போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம் ஊர்ச் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போய்த் திறந்தபோது அந்த அண்ணா சிரித்துவிட்டார். விசிறிக்கும் காற்றுத் துளைக்கும் நடுவில் பஞ்சு! பட்டறையில் பறக்கும் பஞ்சு பல வருடமாகப் படிந்து படிந்து, மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. "தறிக்காரங்க வூட்டு லேப்டாப்பு எல்லாம் இப்படித்தானுங்க தம்பி வரும்" என்றார். பஞ்சை எடுத்து, உள்ளே புதுப் பசை தடவிக் கொடுத்தார். இப்போது ஐந்தாவது ரேஸும் முதல் ரேஸ் மாதிரியே ஓடுகிறது, எந்தக் கோரையும் எங்கேயும் கட்டாமல்.

லேப்டாப் இப்போது பட்டறையில் இல்லை, வீட்டுக்குள் வந்துவிட்டது. தானாகச் சேமிக்கும் வசதி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று மாறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு அதைத் தொட அனுமதி இல்லை. அக்கா எழுதிய சோதனைக் கணக்கின் நகலை இந்தத் தாளின் கீழ் மூலையில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் வேறு மாதிரி வந்தால், கோர் எத்தனை, என்ன கேம், பின்னால் என்ன ஓடியது என்பதைச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுங்கள்.

— பதினோராம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு